மழைக்கு அழியாத சந்தனம்

கமலநாதன் இருபத்தாறு வருடம் லோரி ஓட்டியவர். கிள்ளான் துறைமுகத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வடக்கே பட்டர்வொர்த், தெற்கே ஜொகூர் என்று வாரத்தில் நான்கு நாள் சாலையிலேயே போய்விடும். முதலாளிகள் மாறினார்கள், லோரிகள் மாறின. ஆனால் புது லோரியின் சாவி கைக்கு வந்ததும் அவர் செய்கிற காரியம் மட்டும் மாறவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முன்னால் ஒரு தேங்காய், நெற்றியில் சந்தனப் பொட்டு.

லோரிக்கு நெற்றி எது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. முன் கண்ணாடிக்கு மேலே, நட்ட நடு. அந்தச் சந்தனத்தை அவர் வெறும் தண்ணீரில் குழைக்க மாட்டார். தண்ணீரில் குழைத்தது காப்பார் சாலையில் பிடிக்கிற சாயங்கால மழைக்கு ஒரு நாள் தாங்காது. ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும். மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்தாலும் பிறகு அவர்களும் அப்படித்தான் குழைத்தார்கள்.

சர்க்கரை வியாதி வலது காலில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டதோடு லோரி நின்றது. அது பெருந்தொற்று வருவதற்கு முந்தின வருடம். அதற்குப் பிறகு வீட்டைத் தாங்கியவர்கள் இரண்டு பெண்கள். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் செய்த அவர் மனைவி வீரம்மாவும், பாலர் பள்ளி ஒன்றில் ஒன்பது வருடமாக ஆசிரியையாக இருந்த அவர்களின் ஒரே மகள் தாமரையும். தொற்று வந்தது. பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள், சிற்றுண்டிச் சாலை போயிற்று. ஒரு வருடம் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பாலர் பள்ளிக்காரரும் மேசை நாற்காலிகளை விற்றுவிட்டார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூன் மாதம், நாடே மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயத்தில், தாமரைக்கு வேலை கிடைத்தது. கைப்பேசியிலேயே நேர்முகம், கைப்பேசியிலேயே கையெழுத்து. வெளிநாட்டு வங்கி ஒன்றின் கடன் அட்டைக்காரர்கள் போன் செய்தால் பதில் சொல்லும் வேலை. அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பதினோராவது மாடி. அதை அவள் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. வீட்டிலிருந்தே வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். அதைத் தாண்டிவிட்டால் நிரந்தரம், மருத்துவ அட்டை, அப்பா அம்மாவையும் சேர்த்து. மாதாமாதம் காலுக்குக் கட்டுப் போடப் போகிற கமலநாதனுக்கு அந்த மருத்துவ அட்டையின் அருமை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கிள்ளானில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே கறுப்பாக ஒரு மடிக்கணினி, காதில் மாட்டுகிற கருவி, ஒரு கடிதம். தாமரை அதை மேசைமேல் வைத்துத் திறந்துவிட்டுக் குளிக்கப் போனாள். திறந்து நின்றதைக் கமலநாதன் சற்று நேரம் பார்த்தார். கீழே தட்டுகிற பலகை, மேலே அகலமான கண்ணாடி. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது ஒரு லோரியின் முகமாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

தாமரை தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா! என்னப்பா பண்றீங்க? கம்பெனி சாமான்ப்பா அது!"

"நான் ஓட்டுனதும் கம்பெனி லோரிதான். பொட்டு வெக்காம ஒரு நாளு எடுத்தனா?"

"இது லோரி இல்லப்பா."

"சோறு போடப் போவுதா இல்லியா? அப்ப லோரிதான்."

அடுப்படியிலிருந்து வீரம்மா எட்டிப் பார்த்தாள். "எலுமிச்சம்பழத்த எங்க வெப்பீங்க? அதுக்குத்தான் சக்கரமே இல்லியே."

"ரெண்டு பக்கமும் வெச்சாச்சி."

"நல்ல வேள, தேங்காய அதும் மேலயே ஒடைக்காம விட்டீங்களே. சிலந்தி வல மாதிரி வெடிச்சிப் போயிருக்கும் கண்ணாடி."

மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது. கண்ணாடிக்கு மேலே கறுப்பு விளிம்பின் நட்ட நடுவில், ஐந்து காசு அகலத்துக்கு, சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. தாமரை கும்பிட்டுக்கொண்டாள். பிறகு, "யாராச்சும் பாத்தா சிரிப்பாங்கப்பா" என்று டிஷ்யூ எடுத்து அழுத்தித் துடைத்தாள். பொட்டு போய்விட்டது. விளிம்பில் லேசாக ஒரு மினுமினுப்பு மட்டும் நின்றது.

மறுநாள் காலை வீட்டுக் கூடம் அலுவலகமாயிற்று. பின்னால் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. சாமி மேடையும் பழைய நாட்காட்டியும் தெரியாமல் கமலநாதன் தன் வெள்ளை வேட்டியைக் கயிற்றில் மாட்டினார். வீரம்மா சம்பலுக்கு மிளகாயை விடியற்காலையிலேயே அரைத்து வைத்துவிட்டாள். ஒன்பதிலிருந்து ஆறு வரை மிக்சி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, நெத்திலியைப் பொரித்தால்கூடச் சத்தம் கேட்குமென்று கீரைக் குழம்பும் அவித்த முட்டையும்தான். தாளிப்பே இல்லாத குழம்பு.

கமலநாதன் பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே போட்டுக்கொண்டு மாடி நடைபாதையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் அங்கேதான் பந்து விளையாடும். அவர் வாயில் விரலை வைத்து, "அக்கா கெர்ஜா பண்றாங்க, வேலையா இருக்காங்க" என்பார். பிள்ளைகள் கீழ் மாடிக்கு இறங்கிவிடும்.

"என்ன கமலண்ணே, வாசல்ல காவலா, ஜாகா வேலையா?" என்று படியேறிப் போனவர்கள் கேட்டார்கள்.

"ஆமா. எம்மவ ஆபீசுக்கு."

சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எதிர் பிளாக்கில் இரண்டு வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கியது. அரிசி இல்லை என்று ஊருக்குச் சொல்லும் துணி அது. அவர் வீட்டிலும் வெள்ளை வேட்டி தொங்கியது, ஆனால் உள்ளே, மகளுக்குப் பின்னால், வேலைக்காக.

முதல் நாள் சாயங்காலம் தாமரை காதுக் கருவியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"பன்னெண்டு பேருப்பா எங்க டீம்ல. எல்லாரும் கட்டங் கட்டமா தெரியறாங்க. நான் வந்ததும் ஒருத்தி, வாவ், பியூட்டி ஃபில்டரா லான்னு கேக்கறா."

"அப்டின்னா?" என்றாள் வீரம்மா.

"முகத்த அழகாக் காட்டறது. மொளுமொளுன்னு. என் படம் ஒரே மங்கலா, வெளிச்சமா தெரியுதாம். சினிமால கனவு வர்ற மாதிரி."

"லைன் சரியில்லயோ என்னமோ" என்றார் கமலநாதன்.

"லைன்தான்ப்பா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாருக்கும் எதிரி லைன். மேசையை ஜன்னல் ஓரம் நகர்த்தினார்கள். இணையப் பெட்டியை அலமாரிமேல் ஏற்றினார்கள். தாமரை கம்பெனியின் கணினிப் பிரிவுக்கு எழுதினாள். உங்கள் இணைப்பைச் சரிபாருங்கள் என்று பதில் வந்தது. திரையைத் தினமும் உலர்ந்த துணியால் துடைத்தாள். துணி அந்த விளிம்பையும் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் போனது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், அவளுடைய கைப்பேசி அடித்தது. குழுத் தலைவி ஷாமினி. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பெண். கூட்டங்களில் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவள். தாமரை குறிப்பெடுக்க வசதியாகச் சத்தத்தைத் திறந்து வைத்தாள். வீரம்மாவின் கை சோற்றில் நின்றது.

"தாமரை, தமிழ்லயே பேசறேன். தனியா இருக்கீங்களா?"

தாமரை அப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள். "இருக்கேன் மேடம்."

"ஃபில்டர் போடாதீங்கன்னு மூணு தடவ சொல்லியாச்சி."

"மேடம், சத்தியமா நான் ஃபில்டர் போடவே இல்ல. லைன் சரியில்ல."

"எல்லாரும் லைன்னுதான் சொல்வாங்க லா. உங்க வாய்ஸ் க்ளியரா வருதே. லைன் மோசம்னா வாய்ஸ் வெட்டும். உங்களுக்கு மூஞ்சி மட்டுந்தான் மங்குது."

தாமரையின் பேனா குறிப்பேட்டில் ஒரே இடத்தில் வட்டம் போட்டது.

"மணிக்கொரு தடவ சிஸ்டம் போட்டோ எடுக்குது, தெரியுமில்ல? உங்க அடையாள அட்டை, ஐசியில இருக்கற முகத்தோட அது ஒத்துப் போவல. தொடர்ந்து ஃபெயில். பேங்க்காரங்க கேக்கறாங்க, உள்ள உக்காந்திருக்கறது யாரு, அக்காவா தங்கச்சியான்னு. இப்படி ஆள் மாத்தி வேல செஞ்சி முந்தி ஒருத்தர் மாட்டியிருக்காரு."

"நான்தான் மேடம் உக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியும் தாமரை. சிஸ்டத்துக்குத் தெரியணுமே. நான் ரொம்பப் பேசுனா, நம்ம ஆளுன்னு தாங்கறேன்னு சொல்லிருவாங்க. நானும் இங்க வேலைக்காரிதான். ரெண்டு வாரம் டைம் வாங்கித் தர்றேன். முகம் தெரியணும். அவ்ளோதான்."

போன் நின்ற பிறகு யாரும் சாப்பிடவில்லை. வீரம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் கழுவினாள். அந்த வீட்டுக்குச் சத்தமில்லாமல் இருப்பது பழகிவிட்டிருந்தது.

கமலநாதன் அன்று சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான்காவது மாடிக்கு ஏறினார். மின்தூக்கி கெட்டுப் போய் மூன்று மாதம். ஒவ்வொரு படியிலும் வலது கால் முதலில் யோசித்துவிட்டுத்தான் ஊன்றியது. மேலே பீர் முகம்மதுவின் வீடு. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். கடை அடைத்துக் கிடந்ததால் புடவைக் கட்டுகள் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு நின்றன. அவர் மகள் ஷஹானா கல்லூரிப் பாடம் வீட்டிலிருந்து படிக்க வேண்டும் என்று நல்ல இணைப்பு எடுத்து வைத்திருந்தார். இருபத்தாறு வருடத்தில் எவரிடமும் ஒரு டயர் கம்பிகூட இரவல் கேட்காத மனிதர் கமலநாதன். கதவுக்கு வெளியே, முகக்கவசத்தோடு, தள்ளி நின்றுகொண்டு கேட்டார்.

"பாய், ஒங்க லைன் கொஞ்சம் வேணும். மவளுக்கு."

"அட, இதுக்கு ஏண்ணே படியேறி வந்தீங்க? ஒரு கூப்பாடு போட்டா போதாதா?"

"கூப்பாடு போட முடியாது பாய். மவ போன்ல இருக்கா."

பீர் முகம்மது சிரித்தார். கடவுச்சொல்லைத் துணிக்கடை அட்டையில் எழுதிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் தாடியைத் தடவினார்.

"மூஞ்சி தெரியலன்னா சொல்றான்? அண்ணே, அது லைன் இல்ல. நான் ஒரு வீடியோ பாத்தேன். இந்த மெசினெல்லாம் வெள்ளத் தோலு ஆளுங்களுக்குன்னு செஞ்சது. கறுப்பா இருந்தா அதுக்கு மூஞ்சின்னே தெரியாதாம். எம்மவ ஷஹானா செவத்த பொண்ணு, அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல பாருங்க."

"அப்டியா?"

"மெசினுக்கும் நம்மள புடிக்கல. வேறென்னா சொல்றது."

கமலநாதன் அந்தச் சொல்லை அப்படியே இறக்கிக்கொண்டு வந்து மகள் முன்னால் வைத்தார். பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட வேகம் அவர் குரலில் இருந்தது. "ஒம்மேல தப்பே இல்லம்மா. அது நம்ம நெறத்துக்குச் செஞ்ச மெசின் இல்லியாம்."

தாமரை எழுந்து போய்க் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றாள். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் முகத்தில் பவுடர் இருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வீரம்மா பழைய மேசை விளக்கைத் தேடி எடுத்து மகளின் முகத்துக்கு நேரே பிடித்துக் கட்டினாள். ஜூலை மாதத்துக் கிள்ளான் வெக்கையில், காற்றாடிச் சத்தம் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிட்டு, விளக்குச் சூட்டில் எட்டு மணி நேரம். வேர்வையில் பவுடர் கோடு கோடாக வழியும். இடைவேளையில் துடைத்துவிட்டு மறுபடி பூசுவாள்.

"சாம்பல் பூத்த மாதிரி இருக்குடி" என்றாள் வீரம்மா.

"இருக்கட்டும்மா. அதுக்குத் தெரிஞ்சா போதும்."

அதற்குத் தெரியவில்லை. விளக்கு கூடக் கூட, அந்த எண்ணெய்ப் படலத்தில் வெளிச்சம் பட்டுச் சிதறி, திரையில் அவள் முகம் இன்னும் வெளுத்துக் கரைந்தது. அது அவர்களில் யாருக்கும் தெரியாது. பீர் முகம்மதுவின் லைனில் குரல் மணிமாதிரி போனது. வாடிக்கையாளர்கள் அவளுக்கு நல்ல மதிப்பெண் போட்டார்கள். ஒரு கிழவர், சிங்கப்பூரிலிருந்து, மூன்று முறை நன்றி சொன்னார். அதை அவள் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னாள்.

இரண்டு வாரமும் முடிந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஷாமினி கூப்பிட்டாள். இந்த முறையும் தமிழ்தான்.

"நான் முயற்சி பண்ணேன் தாமரை."

"மேடம், வீடியோதானே பிரச்சினை? நான் நேர்லயே வந்து காட்டிடறேன். ஐசி எடுத்துட்டு வர்றேன். பிரிக்பீல்ட்ஸ்தானே, கிள்ளான்லேர்ந்து நேர் ட்ரெயின். போலீஸ் லெட்டர் எழுதிக் கேட்டா விடுவாங்க. ஒரு தடவ பாத்துட்டா..."

"யார்கிட்டம்மா காட்டுவீங்க? ஆபீஸ்ல யாருமே இல்ல. லைட்டக்கூட அணைச்சிட்டாங்க. நானே வீட்டுலதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. நடைபாதையில் உட்கார்ந்திருந்த கமலநாதனுக்கு அந்த இடைவெளி கேட்டது. லோரியில் மலையிறங்கும்போது பிரேக் பிடிக்காத அந்த முதல் நொடி மாதிரி இருந்தது.

"லெப்டோப்ப திங்கக்கெழம வந்து எடுத்துப்பாங்க" என்றாள் ஷாமினி. "தொடச்சிக் குடுத்துடுங்க. இல்லன்னா அதுக்கும் ஏதாச்சும் எழுதுவாங்க."

தாமரை விளக்கை அணைத்தாள். முகத்தைக் கழுவாமலே போய்ப் படுத்துக்கொண்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அறையிலிருந்து ஒரு வார்த்தைதான் வந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "என் மூஞ்சி வேணாம்னுட்டாங்கம்மா" என்றாள். திட்டவில்லை, அழவில்லை.

திங்கட்கிழமை காலை வெயில் நன்றாக வந்தது. கமலநாதன் மடிக்கணினியை நடைபாதைக்கு எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். லோரியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அவர் இப்படித்தான், கழுவாமல் சாவியைக் கொடுத்ததில்லை. கைலி முனையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தட்டுகிற பலகை, கண்ணாடி, பிறகு கறுப்பு விளிம்பு என்று வரிசையாகத் துடைத்தார்.

விளிம்பின் நடுவில் துணி வழுக்கியது.

மறுபடி துடைத்தார். கைலியில் மஞ்சளாக ஒரு கறை. வெயிலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். கறுப்புக்குள் ஒரு சின்னத் துவாரம், கடுகு அளவு. அதன் ஓரத்தில் ஏதோ அப்பியிருந்தது. பல்குத்தும் குச்சியை எடுத்து வந்து மெல்லச் சுரண்டினார். குச்சி முனையில் வந்த துணுக்கை மூக்கருகே கொண்டு போனார். சந்தனம். கூடவே நல்லெண்ணெய்.

சோப்பு பட்டதும் துவாரம் தெளிந்தது. உள்ளே ஒரு கண். உண்மையாகவே ஒரு கண், பல்லியின் கண் மாதிரி, சின்னதாக, ஈரமாக. அது அவரைப் பார்த்தது.

உங்களுக்கு மூஞ்சி மட்டுந்தான் மங்குது. அந்தப் பெண் சொன்னாளே. மூவரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்.

கமலநாதன் குச்சியைக் கையில் பிடித்தபடி இருந்தார். கீழே எங்கோ ஒரு பிள்ளை பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து உள்ளே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கால் சொன்னது. சொல்லிவிட்டால் வேலை திரும்பி வருமா? வராது. ஆனால் அவள் முகம் அவளுக்குத் திரும்பி வரும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நிறம் இல்லம்மா, மெசின் இல்லம்மா, நான்தான். ஐந்தே வார்த்தை. அவர் வாயைத் திறந்தார்.

"அப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு அவளாகப் பேசிய பேச்சு. "நல்லாத் தொடைங்க. என் கறுப்பு எங்கியாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கப் போவுது."

"ம்" என்றார் கமலநாதன்.

பத்து மணிக்குக் கூரியர்காரர் வந்தார், ஒரு மலாய்க்காரர், நரைத்த மீசை. பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெர்சே, போஸ்" என்று பாராட்டினார். நல்ல சுத்தம் என்று. கமலநாதன் கையெழுத்துப் போட்டார். குச்சியைக் கைலி மடிப்பில் சுருட்டி வைத்திருந்தார். பிறகு அதைக் குப்பையில் போடவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை, எங்கோ விழுந்துவிட்டது.

நாட்கள் போயின. சொல்வதற்கு நல்ல நேரம் என்று அவர் நினைத்த ஒவ்வொரு நேரமும், முந்தின நாள் சொல்லியிருக்கலாமே என்பதாக ஆகிவிட்டது. வீரம்மா கீழே மேசை போட்டு, தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்க ஆரம்பித்தாள். பழையபடி நெத்திலி பொரிந்தது, மிக்சி ஓடியது. சத்தத்துக்குத் தடையில்லாத வீட்டில் பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சந்தனக் கிண்ணத்தைக் கமலநாதன் தொடுவதில்லை. வீரம்மா கவனித்தாள். "என்னங்க, சாமிகிட்ட கோவமா?" என்றாள். அவர் திருநீறு மட்டும் பூசிக்கொண்டார்.

செப்டம்பரில் தாமரைக்கு இன்னொரு நேர்முகம் வந்தது. பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கும் டியூஷன் நிலையம். இதற்கும் கைப்பேசியில் முகம் காட்ட வேண்டும். அவள் ஒன்பது வருடம் செய்த வேலை அது. காலையிலேயே கண்ணாடி முன் உட்கார்ந்து பவுடர் பூச ஆரம்பித்தாள். ஒரு முறை பூசி, பார்த்து, மறுபடி பூசினாள். காதுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது, அந்தப் பக்கம் அவள் நிறம், இந்தப் பக்கம் வேறு யாருடையதோ.

"பவுடர் வேணாம்மா" என்றார் கமலநாதன்.

அவள் கண்ணாடியிலிருந்தே அவரைப் பார்த்தாள். "ஏம்ப்பா?"

அவள் காத்திருந்தாள்.

"வேர்க்கும்" என்றார்.

"வேர்த்தா தொடச்சிக்கறேன்." அவள் பஞ்சை மறுபடி டப்பாவுக்குள் அமிழ்த்தினாள். பிறகு, "எங்க, பூச போடலியா இந்த வாட்டி? சந்தனத்தக் கொண்டாங்க, போனுக்கு நானே வெச்சிக்கறேன்" என்றாள். கேலியா, உண்மையான ஆசையா என்று தெரியாத ஒரு குரல்.

"வேணாம். வேணாம்மா."

"சாமிக்கும் என்னைப் புடிக்கலியா?"

கமலநாதன் அவள் கைப்பேசியை எடுத்தார். அதன் முன்பக்கத்துச் சின்னக் கண்ணை உள்ளங்கையில் வைத்து, கைலி முனையால் துடைத்தார். ஊதினார். மறுபடி துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"போதும்ப்பா, குடுங்க. நேரமாச்சி."

கொடுத்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே அவள், குட் மார்னிங், என்று சொல்வது கேட்டது. பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. ஆனாலும் நடைபாதையில் பிள்ளைகள் எவரும் இல்லை. அவர் வாயில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.